மத்திய வங்கியை நம்பலாமா? திருகோணமலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் பொருளாதார நிபுணன் இல்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருடத்துக்குக் கிட்டக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கத்தில் மத்திய வங்கியின் அறிக்கைகளையும் தேடி வாசிப்பேன். இது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து, உட்துறைமுக வீதித் தேநீர்க்கடை தொடங்கி உப்புவெளியில் பெண்கள் சீட்டுப் பிடிக்கும் வீட்டுத் திண்ணை வரைக்கும், என்னைக் கண்டால் இந்தப் பேச்சுத்தான். ஒரே கேள்விக்கு ஐம்பது தரம் வாய் நோகச் சொல்வதைவிட எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

மத்திய வங்கி யாருடையது? வெளிநாட்டுப் பணக்காரக் குடும்பங்களுக்குச் சொந்தம் என்று வட்ஸ்அப்பில் வருகிறதே?

அந்தக் கதை வேறு நாட்டு வங்கிகளைப் பற்றி யாரோ கட்டியது. பெயரை மாற்றி இங்கே அனுப்புகிறார்கள். எங்கள் மத்திய வங்கி 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ் 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி தொடங்கியது. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் ஓர் அமெரிக்கர். வெள்ளைக்காரத் தொடர்பு என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வங்கி முழுக்க அரசுக்குச் சொந்தம், தனியாருக்கு ஒரு சதப் பங்கும் இல்லை. அரசின் மடிக்குள் அளவுக்கு மிஞ்சி இருந்ததுதான் எங்களுக்கு வந்த வினை.

"அண்ணை, காசு அடிச்சு அடிச்சுத்தானே நாட்டைக் கவிழ்த்தவங்கள்?"

பெருமளவுக்கு உண்மை. ஆனால் "அடிச்சவங்கள்" என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கண்முன் வருவது தாள் தாளாக நோட்டு விழும் இயந்திரம். நோட்டு அச்சிடும் ஆலை பியகமவில் இருக்கிறதுதான், ஆனால் 2020இலும் 2021இலும் நடந்ததற்கு அந்த இயந்திரம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

சங்கக் கணக்கு வழியாகச் சொல்கிறேன். சங்கத் தலைவருக்கு அவசரமாகக் காசு தேவை. வெளியில் கேட்டால் கூடிய வட்டி கேட்கிறார்கள், சிலர் தரமாட்டோம் என்கிறார்கள். தலைவர் காசாளரைக் கூப்பிட்டு, "நான் உனக்கு ஒரு கடதாசி எழுதித் தாறன், நீ என்ர கணக்கில வரவு எழுது" என்கிறார். காசாளரும் எழுதுகிறார். பெட்டிக்குள் புதிதாக ஒரு ரூபாவும் வரவில்லை, ஆனால் தலைவர் அந்தக் கணக்கைக் காட்டிக் கடையில் சாமான் வாங்குகிறார். அந்தக் கடதாசிக்குத்தான் திறைசேரி உண்டியல் என்று பெயர். தலைவர் அரசாங்கம், காசாளர் மத்திய வங்கி.

2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கினார்கள். வருமானம் விழுந்தது. அதன் பின்னாலேயே கொரோனா வந்தது. வெளியில் கடன் எடுக்க முடியாத நிலை. பள்ளத்தை நிரப்பியது மத்திய வங்கி. 2019 முடிவில் அதன் கையிலிருந்த அரசாங்கப் பிணையங்கள், அதாவது அப்படியான கடன் கடதாசிகள், 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022 முடிவில் 2,500 பில்லியனைத் தாண்டிவிட்டன. சாமான் கூடவில்லை, காசு மட்டும் கூடியது. 2022 செப்டெம்பரில் தேசிய விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 73.7 சதவீதம். அந்த மாதம் அரிசி, பருப்பு, பால்மா வாங்கியவர்களுக்கு அந்த இலக்கத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் ஒளித்தா செய்தார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பது, ஏனென்றால் சந்தேகம் பிழையான பக்கம் போகிற இடம் இதுதான்.

ஒளிக்கவில்லை. தன் கையில் அரசாங்கப் பிணையம் எவ்வளவு இருக்கிறது என்பதை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் நாளாந்தம் போட்டுவந்தது. நேற்றைய தொகையை இன்றைய தொகையிலிருந்து கழித்தால் இரவோடு இரவாக எவ்வளவு "அடித்தார்கள்" என்று தெரிந்துவிடும். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. என் பேரப்பிள்ளையின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு அதைவிடக் கடினம். அன்றைய ஆளுநர் டபிள்யூ. டி. லக்ஷ்மன், சொந்த நாணயத்தில் இருக்கும் கடன் பெரிய பிரச்சினை இல்லை என்ற வாதத்தை வெளிப்படையாகவே வைத்தார்.

அப்படியென்றால் ஏன் யாரும் நிறுத்தவில்லை? பழைய சட்டத்தில் முடிவெடுத்தது நாணயச் சபை. அதில் ஐந்து பேர்: ஆளுநர், திறைசேரியின் செயலாளர், நியமிக்கப்பட்ட மூவர். திறைசேரிச் செயலாளர் யார்? கடன் கேட்டு வருகிற ஆள். கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் மேசையில் அவருக்கும் ஒரு கதிரை. எங்கள் சங்கத்தில் கடன் விண்ணப்பம் போட்டவர் கடன் குழுவில் இருந்தால், அன்றைக்கு அவர் வெளியில் போய் நிற்க வேண்டும் என்பது விதி. கிராமத்துச் சங்கத்துக்குத் தெரிந்தது கொழும்புக்கு எழுபது வருடமாகத் தெரியவில்லை.

ஆகவே, இணையத்தளத்தில் இலக்கம் போட்டால் வெளிப்படைத்தன்மை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். இலக்கம் இருந்தது. அதைக் காட்டி "ஏன்?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் நிறுத்தக்கூடிய அதிகாரம் உள்ளவர்கள் கேட்கவில்லை.

டொலர் கணக்கும் அப்படித்தானா? அது உண்மையாகவே மறைக்கப்பட்டது என்கிறார்களே?

இதில் உங்கள் சந்தேகத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2019 முடிவில் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 7.6 பில்லியன் டொலர். 2021 நவம்பரில் 1.6 பில்லியன். அடுத்த மாதமே 3.1 பில்லியன் என்று அறிவிப்பு வந்தது. நாடே பெருமூச்சு விட்டது. உள்ளே பார்த்தால், அதில் பாதிக்குக் கிட்ட, ஏறத்தாழ ஒன்றரை பில்லியன், சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியுடன் செய்த நாணயப் பரிமாற்ற ஏற்பாடு, அதாவது எங்கள் ரூபாவுக்கு ஈடாக அவர்களின் யுவானை வாங்கி வைப்பது. அதை நினைத்த நேரத்தில் எடுத்துச் செலவழிக்க முடியாது. கையிருப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேலே இருந்தால்தான் தொடலாம் என்று நிபந்தனை. அதாவது, காசு இருக்கும்போது மட்டும் பயன்படுத்தக்கூடிய காசு. இந்த நிபந்தனை 2022இல் ஆளுநர் மாறிய பிறகுதான் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு மாதாந்தக் கையிருப்பு அறிவிப்பின் அடியில், இந்தத் தொகையைப் பயன்படுத்த நிபந்தனை உண்டு என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு வந்தது. அந்தச் சிறிய எழுத்து 2021 டிசெம்பரில் வந்திருந்தால் எத்தனை வியாபாரிகள் கணக்கை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

அதே காலத்தில் டொலரை 200, 203 ரூபாவில் கட்டி வைத்திருந்தார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் கட்டாரில், சவூதியில் ஆள் இல்லாத வீடு குறைவு. வங்கியில் போட்டால் 203, வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரனிடம் கொடுத்தால் அதைவிட எவ்வளவோ கூட. வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு 10 ரூபா மேலதிகமாகத் தருகிறோம் என்று மத்திய வங்கி கேட்டுப் பார்த்தது. பத்து ரூபாவுக்காக யார் மற்றதை விடுவான்? 2022 மார்ச் 7இல் கட்டை அவிழ்த்தார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபா.

மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. அதுக்கும் மத்திய வங்கிதானே பொறுப்பு?

2022 ஓகஸ்டில் நடந்தது. அடுத்த நாள் காலை கடற்கரையில் ஒரு மீனவர் சிகரெட் பெட்டியின் உள்மட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நாளைக்கு இருபது லீற்றர். முந்தி 1,740 ரூபா. இப்ப 6,800. "கீரியும் சூடையும் பிடிச்சு இதைக் கட்ட ஏலுமோ?" என்று கேட்டார். வள்ளம் மணலிலேயே கிடந்தது, இயந்திரத்தைச் சாக்கால் மூடியிருந்தார்.

மட்டையை வாங்கி மற்றப் பக்கத்தில் நான் எழுதினேன். 87 ரூபா என்பது உண்மையான விலை இல்லை, நட்டத்துக்கு விற்ற விலை. அந்த நட்டத்தைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரச வங்கிகளில் கடன் எடுத்துச் சுமந்தது. அது அரசாங்கத்தின் முடிவு, மத்திய வங்கியுடையது இல்லை. உலக விலை உக்ரேன் போரால் ஏறியது. அதுவும் கொழும்பின் கையில் இல்லை. ஆனால் 200 ரூபா டொலர் 360 ஆனதே, அந்தப் பங்கு மத்திய வங்கியின் வாசலில்தான் கிடக்கிறது. மெல்ல மெல்ல இறங்க விட்டிருந்தால் ஒரே இரவில் விழுந்திருக்காது. அவர் மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாருமாத்தான் செய்திருக்கிறாங்கள்" என்றார். பொருளாதார விரிவுரையாளர்கள் ஒரு மணித்தியாலம் எடுத்துச் சொல்வதை அவர் அப்படி முடித்துவிட்டார்.

பிணைமுறி மோசடியை மறந்துவிட்டீர்களா?

எப்படி மறக்கலாம்? 2015 பெப்ரவரி 27. முப்பது வருடத் திறைசேரி முறி, அதாவது அரசாங்கம் நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம், 1 பில்லியன் ரூபாவுக்கு ஏலம் என்று அறிவித்தார்கள். ஏற்றுக்கொண்டது 10 பில்லியனுக்கு மேல். அதில் பெரும் பங்கு போனது பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற நிறுவனத்துக்கு. அதன் பின்னால் இருந்தவர் அன்றைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன். கூடுதல் வட்டிக்கு அரசு எடுக்கும் கடன் என்றால் அந்த வட்டியை முப்பது வருடத்துக்குக் கட்டுவது நீங்களும் நானும்.

அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழு இதை விசாரித்து 2016 ஒக்டோபரில் அறிக்கை வைத்தது. அதில் ஒரு வேடிக்கை. குழுவில் இருந்த அன்றைய ஆளும் கட்சிக்காரர் சிலர் அறிக்கையை நேராக எதிர்க்காமல் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புப் போட்டார்கள். பத்திரிகைகள் அவர்களை "அடிக்குறிப்புக் கும்பல்" என்றே அழைத்தன. பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு, 2017 டிசெம்பர் கடைசியில் அதன் அறிக்கை. மகேந்திரன் சிங்கப்பூருக்குப் போனவர் போனவர்தான்.

மத்திய வங்கிக்கு அரசியல் மேற்பார்வை வேண்டும் என்று சொல்பவர்களும், அரசியல்வாதிகளை அண்டவே விடக்கூடாது என்று சொல்பவர்களும் இந்த ஒரே கதையைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். இரண்டு பேரும் சரி. ஆளுநரை அரசியல் நியமித்தது. அம்பலப்படுத்தியதும் பாராளுமன்றக் குழுதான். மூடி மறைக்கப் பார்த்தவர்களும் அதே குழுவில் இருந்தார்கள்.

புதுச் சட்டம் வந்தது என்கிறார்கள். என்ன மாறியது?

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம், 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

திறைசேரிச் செயலாளரின் கதிரையை எடுத்துவிட்டார்கள். பழைய நாணயச் சபைக்குப் பதிலாக நிர்வாகத்துக்கு ஆளும் சபை, வட்டி வீதத்துக்கு நாணயக் கொள்கைச் சபை என்று இரண்டு. அரசாங்கம் வெளியிடும் உண்டியலையோ முறியையோ மத்திய வங்கி நேரடியாக வாங்க முடியாது. தலைவர் கடதாசி எழுத, காசாளர் வரவு வைக்கும் கதை சட்டப்படி முடிந்தது. ஆளுநரை நிதி அமைச்சரின் பரிந்துரையில் ஜனாதிபதி நியமிக்கிறார், ஆனால் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். பதவிக்காலம் ஆறு வருடம், ஒரு தேர்தலைத் தாண்டி நிற்கக்கூடிய அளவு.

முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பெயர் போதும். அஜித் நிவாட் கப்ரால் 2006 முதல் 2015 வரை ஆளுநர். பிறகு அரசியலில் பாராளுமன்ற உறுப்பினர், இராஜாங்க அமைச்சர். 2021 செப்டெம்பரில் அந்தக் கதிரையிலிருந்து எழும்பி நேராக மறுபடியும் ஆளுநர் கதிரை. சட்டம் அதைத் தடுக்கவில்லை.

அமைச்சருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்றால், இவர்கள் ராசாக்கள் ஆகிவிட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஓர் ஓய்வுபெற்ற அதிபர். நல்ல கேள்வி, முழுப் பதிலும் என்னிடம் இல்லை.

நான் பார்க்கும் விதம் இதுதான்: அரசியல் கை வைக்கக் கூடாது, கண் வைக்க வேண்டும். வட்டி வீதத்தை இந்த மாதம் ஏற்று, தேர்தல் வருகிறது இறக்கு என்று தொலைபேசி எடுப்பது கை வைப்பது. "ஏன் ஏற்றினாய், கணக்கைக் கொண்டு வா" என்று பாராளுமன்றத்துக்குக் கூப்பிடுவது கண் வைப்பது. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கூப்பிட்டால் ஆளுநர் போய் விளக்கம் சொல்ல வேண்டும். கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார். ஹர்ஷ டி சில்வா தலைமையிலான, பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு மத்திய வங்கி அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறது.

ஆனால் கண் என்றால் திறந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வு பெற்றார். நிரந்தரமாக ஒருவரை நியமிக்க மாதக்கணக்கில் இழுபட்டது. மத்திய வங்கியின் சுதந்திரத்தைப் பற்றிக் கருத்தரங்கு வைத்தவர்களில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள்?

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு கூடிப் பதினான்காம் நாள் கூட்டக்குறிப்பை வெளியிட வேண்டும். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார், என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் அதில் வரும். எங்கள் ஊரில் கோயில் பரிபாலன சபைக்கூட்டக் குறிப்பைக்கூட வாசித்துக் காட்டச் சொல்லி எழும்பி நிற்பவர்கள் நாங்கள். அந்த அளவையே கொழும்பிடமும் கேட்கலாம்.

இலக்குத் தவறினால் தண்டனை உண்டா?

தண்டனை இல்லை, விளக்கம் உண்டு. பணவீக்கம் 5 சதவீதமாக இருக்க வேண்டும் என்று அமைச்சரும் மத்திய வங்கியும் ஒப்பந்தம் செய்து வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள். இரண்டு சதவீதம் மேலே கீழே போகலாம். தொடர்ந்து இரண்டு காலாண்டு அந்த எல்லையைத் தாண்டினால், ஏன் தவறியது, எப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்று பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொதுமக்களுக்கும் வெளிவர வேண்டும்.

நடந்தும் இருக்கிறது. ஆனால் தவறியது கீழ்ப்பக்கமாக. 2024 செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை கொழும்பு விலைச் சுட்டெண் முந்தின வருடத்தைவிடக் குறைவாகவே இருந்தது. மின்கட்டணக் குறைப்பு அதற்கு ஒரு பெரிய காரணம். "விலை குறைஞ்சதாமே, எங்கே?" என்று சீட்டு வீட்டில் ஓர் அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு நியாயம். 2022இல் நூறு ரூபாச் சாமான் நூற்றெழுபது ஆனது. பிறகு அது நூற்றறுபத்தைந்துக்கு வந்தால் புள்ளிவிபரத்தில் அது குறைவு. சமையலறையில் அது இன்னமும் நூற்றறுபத்தைந்து.

சம்பளம் 70 சதவீதம் கூட்டினார்களே, அது எந்தச் சுதந்திரம்?

2024 பெப்ரவரியில் இது வெளியே வந்தபோது தேநீர்க்கடையில் மேசையில் அடித்தார்கள். சட்டப்படி ஊழியர் சம்பளத்தைத் தீர்மானிப்பது மத்திய வங்கியின் சொந்த அதிகாரம், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கூட்டு உடன்படிக்கை. சட்ட மீறல் இல்லை. ஆனால் ஊருக்கெல்லாம் வயிற்றைக் கட்டச் சொன்ன வீடு, தன் வீட்டு உலையில் இரண்டு கொத்து அரிசி கூடப் போட்டது. அதற்கு முந்திய வருடம்தான் அதே வங்கியின் பெட்டகத்திலிருந்து 50 இலட்சம் ரூபா காணாமல் போன செய்தி வந்திருந்தது. நம்பிக்கை என்பது அறிக்கை வாசித்து வருவதில்லை, இப்படியானவற்றைப் பார்த்துத்தான் போகிறது.

அரசாங்கத்திடமிருந்து விடுபட்டு, சர்வதேச நாணய நிதியத்திடம் போய்விட்டார்கள்தானே?

2023 மார்ச்சில் அங்கீகரித்த ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்தில் இந்தச் சட்டமும் ஒரு கடப்பாடு. மறைக்கத் தேவையில்லை. வேறொருவர் சொல்லிச் செய்தது என்பதால் அது பிழையாகிவிடாது. ஆனால் எங்கள் பாராளுமன்றம் தானாக யோசித்துக் கொண்டுவந்த சட்டம் என்று மார்தட்டவும் முடியாது.

எங்கட ஈ.பி.எஃப். காசுக்கு என்ன நடந்தது?

ஊழியர் சேமலாப நிதியை, அதாவது தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்த பணத்தை, நிர்வகிப்பது மத்திய வங்கி. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், அதாவது நாட்டுக்குள் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் விதத்தை அரசாங்கம் மாற்றியபோது, அந்த நிதியிடம் இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, கையிலுள்ள முறிகளைப் புதிய முறிகளாக மாற்று, 2025 வரை 12 சதவீதம், பிறகு 9 சதவீதம். இல்லையென்றால் அந்த வருமானத்துக்கு 30 சதவீத வரி கட்டு. இதைத் தெரிவு என்று சொன்னார்கள். வங்கிகளின் முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன, அவை விழுந்தால் வைப்பாளர் எல்லோரும் விழுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய்யில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. வட்டி வீதத்தைத் தீர்மானிப்பவர், வங்கிகளுக்கு மேற்பார்வையாளர், தொழிலாளியின் சேமிப்புக்குக் காவலாளி, மூன்றும் ஒரே கட்டடத்தில். ஒரு தொப்பிக்கும் மற்றத் தொப்பிக்கும் சண்டை வந்தால் தொழிலாளிக்காக யார் பேசுவது? சீனக்குடாவில் வேலைசெய்யும் ஒரு தம்பி தன் நிலுவைக் கூற்றை என் முன்னால் விரித்து வைத்து, "இதில நான் எங்க கையெழுத்து வைச்சனான்?" என்று கேட்டான். எங்கும் இல்லை.

தமிழில் கேட்டால் பதில் வருமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவுமா?

மத்திய வங்கியின் முக்கிய அறிக்கைகள் தமிழிலும் வருகின்றன. அந்தத் தமிழை வாசிக்க எனக்குச் சில இடங்களில் ஆங்கிலப் பிரதி தேவைப்படுகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் இருக்கிறது. எந்த அரச நிறுவனத்திடமும் தமிழில் எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம், பிறகு ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. பொருளாதார விடயத்தில் ஒரு வேலி உண்டு: நாணய மாற்று, வங்கி ஒழுங்கு, வரி போன்றவற்றில் முன்கூட்டி வெளிவந்தால் நாட்டுப் பொருளாதாரத்துக்குக் கடும் பாதிப்பு என்றால் மறுக்கலாம். நாளைக்கு வட்டி ஏறுமா என்று கேட்டால் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. போன வருடம் ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்க அந்த வேலி குறுக்கே நிற்காது. "முன்கூட்டி" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் ஒன்று. ஓர் அரச அலுவலகத்துக்குக் கடன் திட்டம் ஒன்றைப் பற்றித் தமிழில் நான்கு கேள்வி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு கடிதம், சிங்களத்தில். ஒரு மாதம் கழித்துப் பதில், ஆங்கிலத்தில், மூன்று கேள்விக்கு மட்டும். நான்காவதைப் பற்றி மூச்சில்லை. அந்த நான்காவதுதான் எனக்கு வேண்டியிருந்தது: திருகோணமலை மாவட்டத்துக்கு எவ்வளவு போனது? மேன்முறையீடு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது, இந்தத் தடவை தமிழில், கணக்கும் சரியாக. பதிவுத் தபால் துண்டை எறியாதீர்கள். மேன்முறையீட்டுக்கு நாள் எண்ணும்போது அதுதான் கையில் இருக்கும் சாட்சி.

இங்கேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறதே, அங்கே போய்ச் சண்டை பிடிக்கலாமா?

வேண்டாம். அங்கே இருப்பவர்கள் சிறு முயற்சிக் கடன், விழிப்புணர்வுக் கூட்டம் போன்ற வேலை பார்ப்பவர்கள். பிரமிட் திட்டமா, போலி நோட்டா என்று சந்தேகம் வந்தால் போகலாம். வங்கி விழுந்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி 11 இலட்சம் ரூபா வரைதான் என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வட்டி வீதத்தைத் தீர்மானிப்பவர்கள் கொழும்பில், ஜனாதிபதி மாவத்தையில்.

கடைசியில் யாராவது பொறுப்பு என்று தீர்ந்ததா?

தீர்ந்தது, ஒரு விதத்தில். டிரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனலின் இலங்கைக் கிளையும் வேறு சிலரும் போட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதியரசர்களில் நால்வர் ஒரு பக்கம். கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷக்கள், ஆளுநர்களாக இருந்த லக்ஷ்மன், கப்ரால், திறைசேரிச் செயலாளராக இருந்த ஆட்டிகல, ஜனாதிபதியின் செயலாளராக இருந்த ஜயசுந்தர ஆகியோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றது. மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. மற்றபடி இழப்பீடு இல்லை.

இந்தப் பெயர்களில் ஒருவரான மஹிந்த 2022 மே 10இல் குடும்பத்தோடு வந்து ஒதுங்கியது எங்கள் கடற்படைத் தளத்தில். செய்தி பரவி, வாசலில் ஆட்கள் கூடினார்கள். அன்றைக்கு எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற ஒரு தங்கச்சி வரிசையை விட்டு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் சிலிண்டர் முடிந்துவிட்டது.

வட்டி இறங்கிவிட்டது என்கிறார்கள். என்ர நகை ஈட்டு வட்டி ஏன் அப்படியே நிற்கிறது?

2024 நவம்பரில் மத்திய வங்கி ஓரிரவுக் கொள்கை வீதம் என்று ஒன்றைக் கொண்டுவந்து 8 சதவீதமாக வைத்தது. 2025 மே மாதம் 7.75 ஆனது. அது, வங்கிகள் தங்களுக்குள் ஒரு இரவுக்குக் கைமாற்றும் காசின் விலை எங்கே நிற்க வேண்டும் என்று மத்திய வங்கி வைக்கும் குறி. அது இறங்கியதால் நீங்கள் முந்தியே எழுதிய ஈட்டுச் சீட்டின் வட்டி தானாக இறங்காது. சீட்டில் எழுதிய வீதம் எழுதியதுதான். மீட்டு மறுபடி வைத்தால் இன்றைய வீதம் கிடைக்கும், அதுவும் கடைக்குக் கடை மாறும். போகும்போது பழைய சீட்டைக் கொண்டுபோங்கள். பின்பக்கத்தில் தவணை முடியும் திகதி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.